சுடாமல் விட்ட கொம்பு

இன்று காலை கன்றுகளுக்குக் கொம்பு சுட்டோம். தலையை இரும்புக் கூண்டில் பூட்டி, நோவு தெரியாமல் இருக்க விறைப்பு ஊசி போட்டு, முளைவிடும் கொம்புக் குருத்தின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அழுத்தும்போது எழுமே ஒரு நாற்றம், கருகிய தலைமயிர் போல, அது பண்ணையிலிருந்து குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்து தலை முழுகியும் போகவில்லை. உங்களுக்கு நாலு வார்த்தை எழுதாமல் போகாது போலிருக்கிறது.

அகதியாகப் போய்ப் பிரான்சில் ஒரு பண்ணையில் சாணி அள்ளிய ஆள் நீங்கள். பிறகு லண்டனுக்கு வந்தோம். நம்மைப் போல வந்த மற்றவர்கள் கடை போட்டார்கள். நீங்கள் நகரத்து ஓரம் அப்மின்ஸ்டர் தாண்டி வயலைக் குத்தகைக்கு எடுத்து இறைச்சி மாடு வளர்த்தீர்கள். கறுத்த அங்கஸ், வெள்ளை முகத்து ஹெர்போர்ட், செம்மண் நிறத்து லிமூசின். அங்கஸ் பேசாமல் படுத்துக் கிடக்கும். ஹெர்போர்ட் தீனியைக் கண்டால் உலகத்தை மறக்கும். லிமூசினுக்கு மட்டும் மூக்கு நுனியில் கோபம். உங்களுக்கு அதில்தான் உயிர்.

கோயிலில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். "சைவக்காரன் செய்யிற வேலையோ இது?" என்று என் காதுபடவே கேட்டார்கள். நீங்கள் அசையவில்லை. "வளர்க்கிறது வேறை, தின்னுறது வேறை" என்பீர்கள். விபூதியைப் பூசிக்கொண்டு போய் அடுத்த லொறிக்கு மாடு ஏற்றுவீர்கள். நம் வீட்டுச் சட்டியில் மாட்டிறைச்சி ஏறியதே இல்லை.

கொம்பு முளைக்கிற எல்லாக் கன்றுக்கும் சுட்ட நீங்கள் சிவப்பு லிமூசின் ஒருத்தியை மட்டும் சுடாமல் விட்டீர்கள். பட்டிப்பொங்கலன்று மாட்டைக் கும்பிட்டு வர்ணம் பூச ஒரு சோடிக் கொம்பாவது வேண்டுமாம். ஊரில் உங்கள் வீட்டில் ஒரு கோழிகூட இருந்ததில்லை. இங்கே வந்துதான் உங்களுக்குப் பட்டிப்பொங்கல் பிடித்தது. நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்தேன். "கொம்பில்லாத மாட்டுக்கு என்ன பொங்கல்?" என்று சிரித்தீர்கள். வருடா வருடம் அவளுக்கு ஒரு கொம்பில் நீலம், மறுகொம்பில் சிவப்பு.

உங்கள் கடைசிப் பட்டிப்பொங்கலுக்கு முதல் நாள் அவள் கொட்டிலில் கன்று போட்டாள். பால் மாடு என்றால் மனிதக் கைக்குப் பழகியிருக்கும். இவள் தன் கன்றைத் தானே ஊட்டி, தானே காவல் காக்கிறவள்.

"இண்டைக்கு வேண்டாம். கண்டு போட்டவளுக்குக் கிட்டப் போகாதேங்கோ" என்றேன், பொங்கலன்று காலை.

"உமக்கென்ன விசரே? அவளுக்கு என்னைத் தெரியும்."

கம்பிக்கு வெளியே நின்று ஒரு கொம்புக்கு நீலம் பூசினீர்கள். பிறகு செவ்வந்தி மாலையோடு கதவைத் திறந்து, பிரெஞ்சில் ஏதோ கொஞ்சிக்கொண்டு உள்ளே போனீர்கள். மாலை நெற்றியில் பட்டதும் அவள் தலை தாழ்ந்தது. உங்களைத் தூக்கிச் சுவரோடு அடித்தாள். விழுந்த உங்களை விலாவுக்குக் கீழே குத்தினாள். இழுத்து மறுபடி குத்தினாள். நான் சாணி அள்ளும் சவளால் அவள் முகத்தில் அடித்தேன். மூக்கு பிளந்து இரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. அவள் பின்வாங்கும்வரை அடித்தேன், பின்வாங்கிய பிறகும் அடித்தேன். உங்கள் காயத்துக்குள் காயாத நீல வர்ணம் கிடந்தது.

"கண்டு மிதிபடப் போகுது, பாரும்" என்றீர்கள். அதுதான் கடைசி. ஆம்புலன்ஸ் ஹெலிகொப்டர் வயலில் இறங்கியபோது உங்களுக்கு மூச்சு இல்லை. எனக்கென்று ஒரு சொல்லை நீங்கள் விட்டுப் போகவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை.

மிருக வைத்தியர் அவளை அங்கேயே துப்பாக்கியால் சுட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. அவளை அடக்கப் போட்ட மயக்க மருந்து உடலில் தீரும்வரை வைத்திருந்து, மற்ற மாடுகளைப் போலவே வெட்டுக்கு அனுப்பினேன். அவளுடைய இறைச்சியில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்தேன். நம் மிளகாய்த்தூள் போட்டுக் காய்ச்சி, அடுப்படியில் நின்றபடியே தின்றேன். மகள் அழுதுகொண்டு மாடிக்கு ஓடினாள். தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இறைச்சி நல்ல ருசியாக இருந்தது. ஆத்திரம் இம்மியும் குறையவில்லை.

மிதிபடாமல் தப்பிய அந்தக் கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்ததும் நான்தான், திட்டித் திட்டியே கொடுத்தேன். அதற்கும் கொம்பு சுட்டாயிற்று. இப்போது அது தாயாகி ஒரு கன்று போட்டிருக்கிறது. அதே செம்மண் நிறம். கிட்டப் போனால் உங்களைக் குத்தினவள் மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்க்கிறது.

இன்று கடைசியாகக் கூண்டுக்கு வந்தது அந்தக் கன்றுதான். மகள் என் கையிலிருந்த இரும்பைப் பிடித்தாள்.

"அம்மா, ப்ளீஸ், இதை மட்டும் விடுங்கோ. அப்பாக்காக. நான் உள்ளுக்குப் போகமாட்டன். வெளியிலை நிண்டு பெயின்ற் அடிப்பன்."

"உன்ரை கொப்பரும் வெளியிலை நிண்டுதான் துவங்கினவர்."

"பொங்கலுக்கு ஒரு கொம்புகூட இல்லையெண்டால் அப்பா என்ன நினைப்பார்?"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் முகத்தில் உங்கள் பிடிவாதம் அப்படியே இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வர்ண டப்பா இன்னும் கொட்டில் தட்டில்தான் இருக்கிறது. பிறகு அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இரும்பை வைத்தேன். ஊசியால் நோவில்லை என்றாலும் கன்று திமிறியது. என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். இரண்டு பக்கமும் சுட்டேன். புகைக்குள் நின்று ஓவென்று அழுதேன், இரும்பை விடவில்லை.

மகள் என்னோடு இன்னும் பேசவில்லை. நீங்கள் இருந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். கொம்பைச் சுட்டதற்கு ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்திருப்பீர்கள், "உமக்கு ஈவிரக்கம் இல்லை" என்று கத்தியிருப்பீர்கள், நானும் விட்டிருக்கமாட்டேன். அந்தச் சண்டைக்காவது நீங்கள் இருந்திருக்கலாம். இப்போது உங்கள் பக்கத்துச் சண்டையையும் சேர்த்து நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.