குலுங்கி வந்த கார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் தலைவலி விட்டதா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். கார் குலுங்கிக் குலுங்கி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை அழைத்துவர வேண்டுமாம். இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்று வேறெங்கோ பயமுறுத்தியிருக்கிறார்கள். சோதித்ததில் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதற்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலையும் முதல் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி மாட்டினேன். கோளாறும் கூடவே அங்கு போய்விட்டது. காயில்தான் பழுது. புதியது போட்டதும் குலுக்கம் போன இடம் தெரியவில்லை.

சூடான இன்ஜினில் பட்டு என் மணிக்கட்டு லேசாகக் கன்றிவிட்டது. பயப்படாதே, களிம்பு போட்டிருக்கிறேன். அவள் அதைப் பார்த்து, நம் பாஷையிலேயே, "ஐயோ அண்ணா, வலிக்குதா?" என்றாள். இங்கே வந்தபிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

போனில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். இனிமேல், பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதே. அணைக்காமல் அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும் எனக்கு.

முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன்.

பாப்பாவின் அப்பா