படகைத் தேடிப் போன விஞ்ச்

செங்கல்பட்டு,
8-1-1975

அன்பு நண்பன் தேசப்பனுக்குத் தணிகைவேல் எழுதுவது.

நீ வகுப்பில் எழுந்து கேட்ட அதே கேள்வியை வைத்து நம் காலேஜில் முதல் வருடப் படிப்பையே மாற்றிவிட்டார்கள் மச்சான்.

புதிதாக வந்த காசிநாதன் சார் முதல் நாளே கரும்பலகையில் எழுதினார்: "இது யாருக்கு உதவும்?" அதைக் கேட்டதற்குத்தானே பழைய வாத்தியார் உன்னை "வலை இழுக்கப் போ" என்றார், நீயும் பெட்டியைக் கட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் மாமாவிடம் போய்விட்டாய். இப்போது எட்டு எட்டுப் பேராக ஊருக்குள் போய், அங்கே இருக்கும் ஒரு கஷ்டத்துக்கு ஏற்ற சாமானைச் செய்ய வேண்டும். கணக்கும் வரைபடமும் பட்டறையும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எங்கள் குழு உன் ஊர் தேவனேரிக்குத்தான் போனது. பெரிய வலைப் படகைக் கரையேற்ற ஊரே தோள் கொடுக்கிறதல்லவா, அதற்காகக் கையால் சுற்றிக் கயிறிழுக்கும் விஞ்ச் ஒன்று செய்தோம். பட்டறைத் தூணில் கட்டி லாரியையே இழுத்துப் பார்த்தோம், வந்தது. போன ஞாயிறு கரையில் சவுக்குக் கட்டை நட்டு, அதில் மாட்டிச் சுற்றினோம். படகு அசையவில்லை. கட்டைதான் மணலை உழுதுகொண்டு விஞ்சோடு படகை நோக்கிப் போனது. பின்னாலேயே நாங்களும் போனோம். உன் அம்மா கூடையோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா தணிகை, படகு வரும்னு சொன்னே. உன் மிஷினு இல்ல படகாண்ட போய்க்கினுகீது" என்றார்கள். கரை முழுக்கச் சிரிப்பு. எங்கள் குழு ஆபிரகாம் மட்டும், "மார்க்கு பூட்ச்சுடா" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மார்க் போகவில்லை. கட்டை ஏன் நகர்ந்தது என்று கணக்குப் போட்டு, மறுபடி செய்யச் சொன்னார் சார். நாம் மனப்பாடம் செய்தோமே உராய்வு விசை, அது அந்த மணலில்தான் இருக்கிறது. கட்டைக்குப் பதிலாகப் பலகையைக் குறுக்கே புதைக்கலாம் என்பது என் கட்சி. ஆபிரகாம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

எங்கள் குழுவில் வேலை செய்வது ஏழு பேர்தான். எட்டாவதாக உன் பெயர் இருக்கிறது. இந்த மாதக் கடைசி வரை அதைப் பட்டியலிலிருந்து அடிக்க மாட்டேன் என்று பிரின்சிபால் சொல்லியிருக்கிறார்.

பஸ் ஏறும்போது உன் அம்மா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார்கள். "ஆஸ்டல்ல உன் பக்கத்து கட்டிலு காலியாவா கீது?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அதுல துணி கிணி போட்டு வெக்காத" என்றார்கள்.

இதை உன் மாமாவுக்கும் படித்துக் காட்டு. வருகிற மாதம் முதல் ஞாயிறு மறுபடி சுற்றப் போகிறோம். உடனே பதில் போடு, இல்லை ரயிலேறி வந்துவிடு. கட்டிலில் நான் துணி எதுவும் போடவில்லை.

உன்
தணிகைவேல்