கானத்தூர் வீட்டுக்கு அப்பாவின் பதில்

இராஜபாளையம்,
16.11.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அம்மா சுகமாக இல்லை, அதனால் நான் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறோம். போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நான் கத்துகிறேன், நீயும் என் மகள்தானே, திருப்பிக் கத்துகிறாய், நடுவில் அம்மா இருமுகிறாள். "எழுதிப் போடுங்க, எழுதும்போதாவது செத்த நல்ல மனுசரா இருப்பிய" என்று அவள்தான் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கும் கானத்தூர் கட்டடத்திலேயே கீழ்வீடு காலியாகிறது, நாங்கள் வருவதாக இருந்தால் எடுக்கிறாய், வீட்டுக்காரருக்கு முப்பதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். மே மாதத்திலிருந்து நீ கேட்கிறாய், நான் வேண்டாம் என்கிறேன். போன வாரம்வரை அதே பதிலைத்தான் மறுபடி எழுதுவதாக இருந்தேன். காரணங்களும் தயாராக இருந்தன. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி மூன்று வருஷம் தாங்காது, நீ வாங்கிய கட்டிலின் கால் இப்போதே செதில் செதிலாக உரிவதைப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீர் கேனில் வர வேண்டும், கேன்காரன் வராத அன்றைக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கோயிலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்தாலே மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு திறக்கிறார். எனக்கு அங்கே வேலை கிடையாது, கடற்கரையில் யாரும் நூல் மில் கட்டி வைக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும் என்று உன் வாட்ச்மேனே சொன்னார். எல்லாம் சரியான காரணங்கள், ஒன்றையும் இப்போது திரும்ப வாங்கவில்லை. ஆனால் நான் வேண்டாம் என்றது இவற்றுக்காக இல்லை, உனக்கே தெரியும்.

மே மாதம் உன் தோழி ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் அவள் அறையில் நாங்கள் தங்கியிருந்தபோது மில்லிலிருந்து ஒரு ஈரப்பத மீட்டரைக் கொண்டுவந்து பால்கனியில் தொங்கவிட்டேன். அப்பா லூசா என்று நீ கேட்டாய். இருபத்து மூன்று வருஷம் ஸ்பின்னிங் ஹாலின் ஈரப்பதத்தைப் பார்க்கிறவன், வேறு எதை வைத்து அளப்பேன்? ஒரு நாளைக்கு மூன்று முறை குறித்தேன். சராசரி தொண்ணூறுக்கு மேல் வந்தது. நூல் ஓடுகிற ஹாலில்கூட அறுபதைத் தாண்ட விடமாட்டோம், தொண்ணூறில் மூச்சு வாங்குகிற ஒருத்தியை எப்படிக் குடிவைப்பது என்று சொல்லி ரயில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். வரும்போதே அம்மா சொன்னாள், இந்தப் பத்து நாளில் மூச்சுக்கு அடிக்கிற பம்பை இரண்டே தடவைதான் எடுத்தேன் என்று. கடலைப் பார்த்த சந்தோஷத்தில் உனக்கு அப்படித் தெரிகிறது என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. அக்டோபரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. மூச்சு விட முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நீ லீவு போட்டு ஓடிவருவாய், வந்து என்னோடு சண்டை பிடிப்பாய் என்று சொல்லவில்லை. டாக்டர் சின்ன வயசு, என்னைப் போலவே பொறுமை இல்லாதவர். மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் பதினாறு வருஷம் பஞ்சைச் சுவாசித்தவரை மறுபடியும் பஞ்சுக்கு நடுவிலேயே வைத்திருக்கிறீர்களே, வீட்டை மாற்றுங்கள் சார் என்றார். நம் தெருவில் இப்போது நாலு வீட்டில் பேண்டேஜ் துணித் தறி ஓடுகிறது, காலையில் துவைத்துக் காயப்போட்ட துணியில் சாயங்காலம் பஞ்சு வெள்ளையாகப் பூத்திருக்கும். உன் மாமா எட்வின் மம்சாபுரத்துக்கு வரச் சொன்னான் என்று போன மாதக் கடைசியில் அங்கே கொண்டுபோய் விட்டேன். மலைக் காற்று நல்லதுதான், ஆனால் பக்கத்துக் களத்தில் நெல் தூற்ற ஆரம்பித்தார்கள், நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை ஷிப்டில் ஒரு மீட்டர் உடைந்தது. கானத்தூருக்குக் கொண்டுவந்தேனே, அதை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டச் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கிற இசக்கிமுத்துவை உனக்குத் தெரியும், வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, இந்தத் திரி கருவாடு மாதிரில்லா இருக்கு, எந்தக் கடல்ல முக்குனிய?" என்றான். வாங்கிப் பார்த்தேன். திரி முழுக்க வெள்ளையாக உப்புக் கட்டியிருந்தது. அந்த மீட்டரில் ஒரு பலகை மேல் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் அடியில் தண்ணீர்க் குப்பியில் முங்கிய ஈரத் திரி. திரியில் தண்ணீர் ஆவியாகிக் குளிர வேண்டும், எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் ஈரக் கணக்கு. உப்புப் படிந்தால் சரியாகக் குளிராது, காற்றில் இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும். மில்லில் அந்தக் குப்பிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு மெமோ கொடுப்பவனே நான்தான். உன் வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்து போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறேன், பத்து நாளும். அதே திரியோடு ஹாலில் மாட்டிப் பார்த்தேன். நல்ல மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியபோது இது எழுபத்து நான்கு காட்டியது. புதுத் திரி போட்டதும் ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "நான் மூச்சு விட்டேன்னு சொன்னேன். நீங்க பலகையப் பாத்திய" என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆறு மாசம், ஜெபா. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்த ஆறு மாசத்துக்குள்ளேதான் வருகிறது. எனக்கு ரொம்பச் சலிப்பாக இருக்கிறது, யார் மேலும் இல்லை. நூல் அறாமல் ஓட எவ்வளவு ஈரம் வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உன் அம்மா பரிபூரணத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளிடமே கேட்டிருக்கலாம்.

கானத்தூர் வந்தால் குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சரியாக அளந்தாலும் அங்கே எழுபதுக்கு மேல்தான் இருக்கும், கடல் கடல்தான். பஞ்சு இல்லாத இடமாகப் பாருங்கள், மற்றதைப் போய் இருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆகவே இப்படிச் செய்வோம். கீழ்வீட்டை எடுத்துக்கொள். அம்மா டிசம்பர் ஆறாம் தேதி பொதிகை ரயிலில் ஏறுகிறாள், எட்வின் கூட வருகிறான், தாம்பரத்தில் வந்து நில். நான் இப்போது வரவில்லை. என் இடத்துக்கு ஆள் பழக்காமல் மில்லில் விடமாட்டார்கள், ஈஸ்டர் ஆகிவிடும். இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக அம்மா அழுதாள். சோறு யார் பொங்குவா, வேட்டிய யார் துவைப்பா என்று ஆரம்பித்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "கேஸைத் திருவத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். கொதிகலனே ஓட்டியிருக்கிறேன் என்றேன். அழுகையோடு சிரித்து, சிரிப்பு இருமலாகி, பிறகு பம்பு எடுக்க வேண்டியதாகிவிட்டது. இருபத்து நாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் பத்து நாள் பிரிந்திருந்தது உன்னைப் பெற்றெடுக்க அவள் தாய் வீடு போனபோது மட்டும்தான்.

வீட்டை எடுத்ததும் தரையைக் கூட்டாதே, ஈரத் துணியால் துடை. தலையணை பஞ்சில் வேண்டாம். சமையலறையில் புகை போகிற ஃபேன் ஓடுகிறதா என்று பார். குளிக்கப் போர் தண்ணீர் போதும், அவளுக்கு ஆவி பிடிக்கக் கேன் தண்ணீரையே காய்ச்சு. உன் பெரிய வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வந்து, கையில் போனோடு சோபாவில் விழுந்துவிடாதே. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. உனக்கு எல்லாம் நல்லதாக அமைய வேண்டும் என்பதே எங்கள் இரண்டு பேரின் ஜெபமும். மறக்காதே, ஆறாம் தேதி ஏறுகிறாள், ஏழாம் தேதி காலை தாம்பரம். வந்து சேர்ந்த பிறகு தினம் ஒரு தடவை அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேள். நம் வீட்டுப் பழக்கத்தில் பாதியில் வெட்டாமல், அவள் சொல்லி முடிக்கிறவரை பக்கத்திலேயே இரு. பிறகு அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

உன் அன்பு அப்பா,
பொன்னுராஜ்