நீயே கொடுத்த கோல்

இன்று காலை துறைமுக யார்டில் புதுக் கையுறைக் கட்டைப் பிரித்தார்கள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நீ கோல் காத்தது இதே மாதிரிக் கையுறையில்தான். யார்டில் எனக்குத் தந்த ஜோடியைத்தான் உனக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

போதாக்குறைக்கு, மதியம் சாப்பிடும்போது கிரேன் ஓட்டுகிற அண்ணாச்சி கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். விளையாட்டில் ஒரே நாளில் தனி ஆளாகச் சாதித்தவர்களின் வரிசை. அத்தனை பேரும் அடித்தவர்கள், ஓடியவர்கள், குவித்தவர்கள். தடுத்தவன் ஒருவன்கூட இல்லை. "இதுல எங்க ஆளு ஒருத்தன் வரணும் அண்ணாச்சி" என்றேன். "எந்த நாட்டுக்காரன்?" என்று கேட்டார். எரிச்சல்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவருக்கு எப்படிச் சொல்வது? ஞாயிறு நம் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் திருவிழாப் பந்தாட்டம் முழுவதையும், காலைப் பூசை முடிந்து பொழுது சாய்வதற்குள் ஒரே நாளில் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நம் ஆட்கள் ஒரு கோலைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்கள். மீதி நேரமெல்லாம் நீதான். காற்று மணலை வாரிக் கண்ணில் போட்டது, நீ அசையவில்லை. அரையிறுதியில் பெனால்டியைத் தடுத்தபோது விரல் பிசகியது. ஒரு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து நைலான் நூலால் சுற்றிக்கொண்டாய். "வெளிய கூப்பிடாத, நான் நிக்கேன்லே" என்றாய், கம்பத்தோரம் நின்ற என்னிடம்.

இறுதி ஆட்டம் கோலே இல்லாமல் முடியப்போகிற நேரம். எதிரணிக்காரன் ஒருவன் கம்பத்தை ஒட்டி ஓங்கி அடித்தான். நீ பாய்ந்தும் எட்டவில்லை. பந்து உள்ளே நுழைந்து, வலையில் பிய்ந்திருந்த ஓட்டை வழியாகப் பின்னால் போய்விட்டது. பழைய மீன்வலையைக் கட்டிவைத்தால் வேறென்ன ஆகும்? தூரத்தில் நின்ற நடுவர், பந்து வெளியே போனதாக ஊதிவிட்டார். அவர்கள் கத்தினார்கள், நாங்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினோம். நடுவர் மசியவில்லை. நீ பேசாமல் பந்தை வைத்து உதைத்திருந்தால் போதும்.

நீ என்ன செய்தாய்? வலையோரம் குத்தவைத்து உட்கார்ந்து, விரலில் சுற்றியிருந்த நூலையே அவிழ்த்து, அந்த ஓட்டைக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தாய். நடுவர் வந்து குனிந்து பார்த்தார்.

"பந்து இது வழியாவா போச்சு?"

"ஆமா சார். இப்பம் அடைச்சிருதேன்."

நடுவர் மறுபடி விசில் ஊதினார், இந்த முறை கோல் என்று. நாம் தோற்றோம்.

கோயில் வாசலில் மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் வைத்து உன் சட்டையைப் பிடித்தேன். "கிறுக்குப் பயலே, உன்னய யாரு வலை கட்டச் சொன்னா?"

"பிஞ்ச வலையப் பாத்துட்டு கை சும்மா இருக்குமாலே?" என்று சிரித்தாய்.

அது கைப்பழக்கமா, நேர்மையா? பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. போன தவக்காலத்தில் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதும் அதைத்தான் முனகிக்கொண்டு வந்தேன். பதில் சொல்லாமலே போய்விட்டாய்.

இந்த வருடத் திருவிழாவில் உன் பெயரில் கோப்பை தருகிறார்கள். இன்று சாயங்காலம் அதற்காகக் கமிட்டி கூடியது. 'நாள் முழுக்க ஒரு கோலும் விடாதவர்' என்று பொறிக்கலாம் என்றார் தலைவர். நடுவர் முதலில் ஊதியதுதான் செல்லுமாம். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த வீடியோக்காரர்கள் பக்கத்தில் உன்னை நிறுத்த அந்த ஒரு வரி போதும். இத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வரி அது.

என் வாய் சும்மா இருந்ததா? "ஒண்ணு விட்டான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரு அவனுக்குச் சேக்காளிதானவே?"

'ஒரே ஒரு கோல் விட்டவர்' என்று பொறிக்கப்போகிறார்கள். படிக்கிறவன், இதில் என்ன பெரிய சாதனை என்றுதான் கேட்பான். அன்று நீ கொடுத்த அந்தக் கோலை இன்று நானும் ஒருமுறை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் கொடுத்தேன் என்று என்னைக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உன் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.