சம்பந்தியின் மடி

ஜன. 18, ஞாயிறு
காலையில் பனி. சுதா, மாப்பிள்ளை, பேத்தி மாயா மெல்பர்னிலிருந்து வந்து மூன்று நாள். கூடவே சம்பந்தி கென். ஆறடி நாலங்குலம். விசிறியில் தலை இடிக்குமோ என்று எனக்குப் பயம்.

இஸ்திரிக்காரர்: "அண்ணே, உங்க சம்பந்தி பெரிய பிளேயராம்ல? ஒரு செல்ஃபி எடுத்துக்கிடவா?" ஒன்பது வருடமாக என் சட்டையைத் தேய்க்கிறார். என்னோடு ஒரு செல்ஃபி கேட்டதில்லை.

வாங்க: தேங்காய் எண்ணெய், மஞ்சள், பேத்திக்கு முறுக்கு (காரம் வேண்டாம்).

ஜன. 19, திங்கள்
கென் நான்கு டம்ளரைக் கம்பம்போல் வரிசையாக வைத்துத் தங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டத்தை விளக்கினார். உரிக்காத தேங்காய் மாதிரி பந்து. நடு இரண்டு கம்பத்துக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறி ஓரத்தில் போனாலும் ஒன்று உண்டாம். விடை தப்பானாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடுவது போல. முப்பத்தைந்து வருடம் நானும் அப்படித்தான் போட்டேன். என்னை யாரும் தோளில் தூக்கவில்லை.

முழங்கால் இரண்டும் போய் ஆட்டத்தை விட்டவர், பிறகு பயிற்சியாளர். ஓர் அணி பாதி சீசனில் வீட்டுக்கு அனுப்பியது. அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அடுத்த வருடமே வேறு அணி கூப்பிட்டதாம். ஓய்வுக்குப் பிறகு என்னை எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை.

மாயா அவரைப் 'பாப்' என்கிறாள், அவர்கள் ஊரில் தாத்தாவாம். நாள் முழுக்க அதே சத்தம்.

ஜன. 20, செவ்வாய்
வியாழன் அழகர்கோவிலில் மாயாவுக்குக் காதுகுத்து. மகன் செந்திலுக்கு லீவு இல்லை. தாய்மாமன் மடி காலி. நான்தான் என்று நினைத்து வேட்டிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

சுதா: "அப்பா, தப்பா எடுத்துக்காதீக. கென் மடியில உக்காந்தா அழமாட்டா."
"சரிம்மா" என்றேன்.
மனைவி அடுப்படியிலிருந்து: "சரின்னு சொல்லிப்புட்டு மொகத்த ஏன் இம்புட்டு நீளமா வச்சிருக்கீக?"

அங்கே தரையில் சம்மணம் போட வேண்டும். அவர் கால் மடங்காது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஜன. 22, வியாழன்
வேனில் போனோம். நல்ல வெயில். மொட்டை ஆனதும் ஆசாரி, "மாமன் மடி யாரு? சட்டுனு உக்காருங்க, நேரமாச்சு" என்றார். கென் தூணைப் பிடித்துக் குனிந்தார். பாதிவரைதான். முகம் செங்கல் நிறம்.

"அப்பா, நீங்களே உக்காருங்க" என்றாள் சுதா. உட்கார்ந்தேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

வலது காது. ஒரே அலறல். உதைத்த உதையில் என் கண்ணாடி தெறித்தது. "பாப்! பாப்!" என்று ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு காதுக்கு வரமாட்டேன் என்றாள். அவர் அவள் மொட்டையைத் தடவியபடி என்னைப் பார்த்தார். குறை சொல்லும் பார்வை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எழுந்துபோய் பூக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டேன். முந்தாநாளே சொல்லியிருக்கலாம்.

கென் உட்கார்ந்து அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார். இடது காது முடிந்தது. அழவே இல்லை.

என்ன சொன்னார் என்று கேட்டேன். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாராம். உதைக்கப் போகும் ஆட்டக்காரர்களுக்குச் சொல்வதாம்.

கணக்கு என் பாடம்.

ஜன. 23, வெள்ளி
குளிர் குறைவு. பால் இரண்டு பாக்கெட் கூடுதல்.

காதுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கூப்பிட்டேன். மாயா வந்து வலது காதை மட்டும் காட்டினாள். "தாத்தா, இதுதான் உன்னோடது. அந்தக் காதுக்குப் பாப் போடுவார்."

கென் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நானே போட்டுவிட்டேன்.