அந்த மாவுக்கு என்ன பேர்?

நேற்று மதியம் ஒரகடம் கூட்ரோட்டில் ஷிப்ட் விட்ட கூட்டத்தோடு ஒரு பெண் என் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவளுக்கு முன்னால் வாசனை ஏறிவிட்டது. எரிந்துபோன என்ஜின் ஆயிலின் வாடை, அதோடு நனைந்த சுவரைப்போல ஒரு மண் வாடை. கண்ணாடியில் பார்த்தேன். முகம் கழுவியிருந்தாள். ஆனாலும் புருவத்திலும் இமையிலும் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டியிருந்தது. உனக்கும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

"இன்னாண்ணா, கண்ணாடியவே பாத்துகினு கீற? ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

"மூக்க மூடிக்கினு வேலை செய்யும்மா" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். "மூடிக்கினா மூச்சு முட்டுதுண்ணா" என்று சிரித்தாள்.

நீயும் இதையேதான் சொன்னாய். படப்பையில் இறங்கும்போது இருமினாள். இந்த ரோட்டில் யார்தான் இருமவில்லை? லாரி கிளப்புகிற புழுதியில் நானும்தான் இருமுகிறேன். அவள் கூட்டத்தில் கலந்து போகிறவரைக்கும் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். கூப்பிட்டு நிறுத்தி என்ன சொல்லியிருக்க முடியும், நீயே சொல்.

பாப்பா பெரிய பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நீ வேலைக்குப் போகிறேன் என்றாய். பெரிய கம்பெனிகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தாய். சின்னப் பெண்களைத்தான் லைனில் நிற்கவைப்பார்களாம், உன் வயதைக் கேட்டதுமே கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் நம் தெரு அமுலு, தான் வேலை செய்கிற ஆயில் ஷெட்டுக்கு உன்னைக் கூட்டிப் போனாள். நம் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். பெரிய காம்பவுண்டுகளுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி, தகரக் கொட்டகை.

முதல் நாள் வேலை முடிந்து வந்து எனக்கும் பாப்பாவுக்கும் நடித்தே காட்டினாய். வண்டிகளில் ஓடி ஓடிக் கறுத்துப்போன ஆயில் டிரம் டிரம்மாக வந்து இறங்கும். அதைக் காய்ச்சி வடித்து மறுபடி ஆயிலாக்குவது உள்ளே ஆம்பளைகள் வேலை. அதற்கு முன்னால், அழுக்கோடு இருக்கும்போதே, அதில் பொடியைக் கலக்கவேண்டும். அது உங்கள் வேலை. இரும்பு ஏணியில் ஏறி, மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்து, தொட்டியின் வாயில் கவிழ்க்கவேண்டும். உள்ளே சூடான ஆயில் சுற்றிக்கொண்டே இருக்கும். பொடி விழுந்ததும் குபுக்கென்று ஒரு புகை மேலே வரும். நாற்காலியின்மேல் ஏறி நின்று, தலையணையைக் கவிழ்த்து, கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டினாய். பாப்பா கைதட்டினாள்.

"அழுக்கு அத்தினியும் அந்த மாவு இழுத்துக்கும்யா. தாரு மாதிரி கீற ஆயிலு டீ மாதிரி ஆயிரும்" என்றாய்.

எல்லோரும் அதை மாவு என்றுதான் சொன்னீர்கள். எங்கம்மா மாவு கரைக்கிறாங்க என்று பாப்பா பள்ளியில் சொல்லப்போய், உங்க வீட்டில் இட்லிக்கடையா என்று டீச்சர் கேட்டுவிட்டார். அதைக் கேட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போது உனக்குச் சிரிக்க மூச்சு இருந்தது.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னால் நம்ப மாட்டார்கள். சேலைக்குமேல் என் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மற்ற பெண்களோடு கதை பேசிக்கொண்டு நீ நடந்து போவதை ஸ்டாண்டிலிருந்து பார்ப்பேன். கையை ஆட்டமாட்டாய். தலையை மட்டும் ஒரு வெட்டு வெட்டுவாய். ஸ்டாண்டில் இருப்பவர்கள், "உன் சூப்பர்வைசர் போறாங்கப்பா" என்பார்கள்.

மூக்குக்குக் கட்டிக்கொள்ள ஷெட்டில் துணி கொடுத்தார்கள். ஆயில் சூட்டில் வேர்த்து அது நனைந்து, மாவு பட்டு, வரட்டி மாதிரி கெட்டியாகிவிடும் என்றாய். மாஸ்க் வாங்கிக்கொடுத்தேன். ரெண்டு நாள் போட்டாய்.

"இன்னாம்மே, எங்க மாஸ்க்கு?"

"மூடிக்கினா மூச்சு முட்டுதுய்யா. ஏணி ஏறி எறங்கறவளுக்குத்தான் தெரியும்."

முதலில் காலையில் மட்டும் இருமினாய். பிறகு மாடிப்படி ஏறினால். பிறகு குழம்பு தாளிக்கும்போது. தெருமுனை கிளினிக்கில் சளி என்றார்கள். அப்புறம் இன்னொரு இடத்தில் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறதே என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாய். மாத்திரையால் அப்படித்தான் போகும் என்று சொன்னதும், "ஆயில்தான் வெளிய வருதுன்னு நெனச்சேன்" என்றாய். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாய். மாத்திரைக் காலம் முடிந்தது. இருமல் முடியவில்லை.

தாம்பரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் அந்த டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். சின்ன வயது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேயை வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா வேலை செய்யறீங்க?"

"மாவு கரைக்கிற வேலைங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"அது என்ன பொடி? அதுக்கு என்ன பேர்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அத்தனை மூட்டை பிரித்தவளுக்கு அதன் பேர் தெரியவில்லை. மூட்டையில் ஏதோ யானைப் படம் போட்டிருக்கும் என்றாய்.

"இது டிபி இல்லைம்மா. நுரையீரல்ல தூசி படிஞ்சு தழும்பாயிருக்கு. என்ன தூசின்னு தெரிஞ்சா நல்லது. கேட்டுட்டு வாங்க. இனிமே அங்க வேலைக்குப் போகாதீங்க."

கேட்டுவிட்டு வருவது லேசான காரியம் என்று நினைத்தேன். மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார். தெற்கத்திக்காரர். என்னை அதட்டவில்லை, தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார். அதட்டியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.

"அது வெறும் மண்ணுதான்ணே. பூமியில தோண்டி எடுக்கிற மண்ணு. வேற ஒண்ணுமில்ல."

"அந்த மண்ணுக்கு ஒரு பேர் இருக்குமில்ல சார்? டாக்டர் கேக்குறாங்க."

"எனக்குத் தெரியாதுண்ணே. லோடு வரும், எறக்குவோம். மொதலாளி மெட்ராஸ்ல இருக்காரு. அக்காவ நல்லாப் பாத்துக்கோங்க. ரெஸ்ட் எடுத்தா சரியாயிரும்."

அந்த ஆளும் இருமிக்கொண்டேதான் பேசினார்.

அதன்பிறகு நான் அமுலுவைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தன் டிபன் டப்பாவை நம் வீட்டு மேடையில் வைத்தாள். திறந்தால் உள்ளே மாவு. நீ கட்டிலில் இருந்தபடியே பார்த்தாய். உன் முகம் மாறியது.

"எத்துக்குடி இத எடுத்தாந்த? எவனாச்சும் பாத்திருந்தா?"

"எவன் பாத்தா இன்னாக்கா? நீ இப்டி கீற."

"எடுத்துகினு போடி மொதல்ல."

அமுலு அழுதுகொண்டே போனாள். டப்பாவை எடுத்துப் போகவில்லை. நான் அதிலிருந்த மாவை ஒரு கவரில் கட்டினேன். டாக்டரிடம் காட்டிவிட்டு, அங்கிருந்து நேராக லேபர் ஆபீசுக்குப் போய் மனு கொடுக்கப் போகிறேன் என்றேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். மூச்சை இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய்.

"மனு குடுத்தா கொட்டாய இழுத்து மூடுவான். அவளுங்க அத்தினி பேரும் அந்த மாவுலதான் சோறு துன்றாளுங்க. எனக்குப் போனது போச்சு. அவளுங்க சோத்துல மண்ணப் போடாதய்யா."

"அவங்களுக்கும் உன்ன மாதிரி வந்தா?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது, நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மனுஷன் என்ன செய்வான்? நான் வெளியே வந்து வண்டியைத் துடைத்தேன்.

மனுவை விட்டுவிட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு, கவரை மட்டும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்து விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது, லேபுக்கு அனுப்பவேண்டும், அனுப்புகிறேன் என்றார். பிறகு என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"பேர் தெரிஞ்சுக்கலாம். ஆனா உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன். எந்தப் பேரா இருந்தாலும் தழும்பு போகாது. அவங்களுக்கு இனிமே மருந்துன்னு பெருசா எதுவும் இல்லை."

வெளியே பெஞ்சில் நீ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாய். பேர் தெரிய நாளாகும் என்றேன். "ஆவட்டும், இன்னா அவசரம்" என்று ஒரு சுளையை என் கையில் வைத்தாய்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்திருக்கிறது என்று டிவியில் பார்த்துவிட்டு, போய்ப் பார்க்கலாமா என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். கரைக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். மேலே ஏறினால்தான் தண்ணீர் தெரியும். நீ காலைக் கீழே வைத்தாய், கரையை நிமிர்ந்து பார்த்தாய், மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டாய். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். ஜனங்கள் பார்க்கிறார்கள், வேண்டாம் என்றாய்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுய்யா."

ஏறிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். இறங்கி வந்து, "தளும்பிகினு கீது" என்றேன்.

"அல அடிக்குதா?"

நான் கவனிக்கவில்லை. மறுபடி ஏறினேன். இறங்கி வந்து, அடிக்கிறது என்றேன்.

"கொக்கு கீதா?"

மூன்றாம் தடவை ஏறப்போனேன். நீ சிரித்துவிட்டாய். என்னை ஓடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பூத்து, நான் குழாயை மூக்கில் சரியாக வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு காற்று அந்தக் கரையில். சட்டையெல்லாம் படபடக்கிற காற்று. அதில் ஒரு வாய்கூட உனக்குள் போகவில்லை.

நீ போன பிறகு, நீ வேண்டாம் என்றதை மீறி, மனு எழுதிக்கொண்டு போனேன். திட்டினால் திட்டிக்கொள். ஆபீசில் ஒருவர் பொறுமையாக வாங்கிப் படித்தார். அவர் விசாரித்துச் சொல்வதற்குள் நானே ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டில் பூட்டு. உள்ளே தொட்டி இருந்த இடத்தில் இரும்புக்கால்களை அறுத்த தடம் மட்டும் இருந்தது. வேறெங்கோ போய்விட்டார்களாம். அமுலு இப்போது ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். லேபுக்கு அனுப்பிய பொடி என்ன ஆனது என்று கேட்கலாமென்று ஆஸ்பத்திரிக்கும் போனேன். அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை. அந்த மாவின் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாப்பா கல்லூரிக்குப் போகிறாள். சமையல் நான்தான். உன் அளவுக்கு உப்பு போட வரவில்லை.

கடைசி மாதங்களில் உன்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம், சரிந்துபோயின. சுவர் குத்துகிறது என்றாய். ஒரு மத்தியானம் நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ மெல்ல நகர்ந்து வந்து, என் முதுகில் உன் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாய். கையில் சோறு காய்ந்தது. நான் அசையவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான் தூங்கினாய். சவாரியை விட்டுவிட்டு மத்தியானங்களில் வந்து உட்கார்ந்துகொள்வேன். உன் மூச்சு இழுபடுவது என் முதுகெலும்பில் தெரியும். என் மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிவிட முடியுமா என்று, பைத்தியக்காரன் மாதிரி, ஆழமாக இழுத்து இழுத்து விடுவேன். எழுந்திருக்க வேண்டியிருந்தால், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலையணையை உனக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எழுவேன்.

இப்போதும் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறேன். அதே விளிம்பில்தான் உட்காருகிறேன். சாப்பிட்டு முடித்தால் சட்டென்று எழ வருவதில்லை. கை தானாகப் பின்னால் போய்த் தலையணையைத் தேடுகிறது. அதை நிமிர்த்தி வைத்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.