அக்கா, உன் மூச்சு நின்ற மத்தியானங்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், அக்கா. மழைக்காலப் பூஞ்சை வாடையோடு உன் நீல ரவிக்கை கையில் வந்தது. முதுகுப் பக்கம் நீ தைத்து வைத்த துணிப்பந்து இன்னும் கெட்டியாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில், ஆசிரியைகளின் அறையில், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். உடன் வேலை பார்க்கும் மலையாளி மேரி பயந்துபோய் உலுக்கி எழுப்பினாள். "எண்டே டீச்சரே, மூச்சு நின்னுபோச்சு! நான் பேடிச்சுப் போயி." சிரித்து மழுப்பினேன். நெஞ்சுக்குள் துடிப்பு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், உன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பக்கத்து வீடுகளுக்கும் பொழுதுபோக்கு. "பெரியவ குறட்டை விடுறவரைக்கும் ஆனை இந்தப் பக்கம் வராது" என்பார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லையா மாமா. குறட்டை சட்டென்று நிற்கும்போது அம்மா உதட்டில் விரல் வைப்பாள். "இப்பத்தான் அசந்து தூங்குறா. சத்தம் போடாதீங்க." நாங்களும் ஓசையில்லாமல் நடப்போம். தண்ணீரில் முங்கி எழுந்தவள் போல நீ திணறி விழிப்பாய். உடம்பு பெருத்தவளுக்கு ஆழ்ந்த தூக்கம் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

கொழுந்து பறிக்கும் மேட்டில் நீ மயங்கி விழுந்த பிறகுதான் கோட்டயம் போனோம். மார்பில் கம்பிகளை ஒட்டி எடுத்த காகிதத்தில் கோட்டின் முனைகள் சில நெருங்கியும் சில விலகியும் கிடந்தன. உடம்பின் கனத்தால் தொண்டை அடைபட்டு, தூக்கத்தில் மூச்சு நிற்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். காற்று குறையும்போதெல்லாம் இதயத்தை இயக்கும் மின்சாரம் தடுமாறுமாம். எடையைக் குறைக்கவும் மல்லாந்து படுக்காமலிருக்கவும் சொன்னார். துணிப்பந்து அதற்குத்தான். வெளியே வந்ததும் என் தோளில் இடித்தாய். "ஏட்டி, லயத்துக்கே இன்னும் கரண்டு வரல. எனக்குள்ள ஓடுதாம்ல!"

அவர் சொன்ன இன்னொன்றுக்கு மட்டும் நீ இணங்கவில்லை. வார்டில் தங்கித் தூங்க வேண்டும், நர்ஸ் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். "நான் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறத ஊரே வந்து பாக்கணுமாக்கும்?"

அடுத்த மழைக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் நின்றது. அம்மா இந்த முறை உதட்டில் விரல் வைக்கவில்லை, ஓடினாள். உன்னை உலுக்கினாள், அடித்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீ திணறவில்லை.

உன் பருத்த கழுத்து எனக்கும் வந்திருக்கிறது. உன் வெட்கமும்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சேலையை இழுத்து உடம்பை மூடிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோட்டயம் போகிறேன், அக்கா. வார்டில் படுக்கச் சொன்னால் படுப்பேன். எப்படித் தூங்குகிறேன் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.